டைமிங் பெல்ட் மாற்றுவதாகச் சொல்லி 1,450 வெள்ளியைச் சுருட்டிவிட்டார்கள்

படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு மோட்டாரைப் பழுதுபார்க்க ஆள் தேடுகிறவர்கள் பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். என் 1,450 வெள்ளி போய்விட்டது.

மோட்டார் யமாஹா, 60 குதிரைத்திறன், ஃபோர் ஸ்ட்ரோக். சிங்கப்பூரில் உபின் தீவுப் பக்கம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, பொட்டென்று நின்றது. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் வழக்கத்தைவிட லேசாக, வேகமாகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவே இல்லை. மேல்மூடியைக் கழற்றினேன். ஃபிளைவீலுக்குக் கீழே, கிராங்கையும் கேமையும் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) சேர்த்துச் சுற்றவைக்கும் டைமிங் பெல்ட் அறுந்து நாராகக் கிடந்தது. இன்னொரு படகுக்காரர் புண்ணியத்தில் பொங்கோலுக்கு இழுத்து வந்தோம்.

பட்டறை கிடைத்தது பழைய சாமான் விற்கும் ஒரு செயலியில். ஐந்து நட்சத்திரம். வந்தவர் தமிழர், என்னைவிட மூத்தவர். "பயப்படாதீங்க தம்பி, நான் பார்த்துக்கிறேன்" என்றார். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு ஃபிளைவீலைக் கையால் சுற்றிக் காட்டினார். மேலே இருந்த கேம் புல்லி அசையவில்லை. பெல்ட் துணுக்குகளை ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்துப் பையில் போட்டார். "ஒரு துண்டுகூட உள்ளே தங்கக்கூடாது" என்றார். அந்தப் பக்குவத்தைப் பார்த்துத்தான் நம்பினேன். அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார்: பெல்ட் அறுந்ததில் பிஸ்டன் இடித்து வால்வு வளைந்திருக்கும், ஹெட்டை (வால்வுகள் இருக்கும் சிலிண்டர் தலைப்பகுதி) இறக்க வேண்டும், மொத்தம் 1,450, முன்பணமாக முழுவதும். சில எஞ்சின்களில் அப்படி வளைவது உண்மைதான். அங்கேயே நின்று கைப்பேசியிலிருந்து வங்கிப் பணம் அனுப்பும் பேநவ்வில் அனுப்பினேன். வளைந்த வால்வு என்று ஒரு படமும் வாட்ஸ்அப்பில் வந்தது. யாருடைய வால்வோ!

மோட்டார் திரும்பி வந்தது. சும்மா நிற்கும்போதே நடுக்கம், வேகம் கொடுத்தால் இழுவை இல்லை. ஃபோன் செய்தேன். "புது பெல்ட், செட்டாகட்டும்" என்றார். அப்புறம் "முதலாளி ஜோகூர் போயிருக்கார்". அதற்கப்புறம், "உப்புத் தண்ணியில ஓட்டினா வாரண்டி கிடையாது தம்பி". கடலில் ஓடும் மோட்டாரைப் பிறகு எங்கே ஓட்டுவதாம், பிடோக் நீர்த்தேக்கத்திலா? இப்போது நீல டிக் மட்டும் விழுகிறது, பதில் இல்லை.

வேறொரு மெக்கானிக் திறந்து பார்த்தார். ஹெட் போல்ட்டுகளின் பெயின்ட்கூடக் கலையவில்லை. ஹெட்டை யாரும் தொட்டதே இல்லை. போட்டிருந்தது பழைய பெல்ட், பல்லோரமெல்லாம் வெடிப்பு. அதையும் ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கிறார்கள், கிராங்கிலும் கேமிலும் இருக்கும் குறிகள் நேராக நிற்கவில்லை. புது பெல்ட்டைச் சரியாக மாட்டி கம்பிரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) பார்த்தார், நான்கு சிலிண்டரும் ஒரே அளவு. வால்வு வளையவே இல்லை. இதற்கா 1,450 வெள்ளி?

விரிவாக எழுதப் பொறுமை இல்லை. ஹெட்டை இறக்க வேண்டும் என்றால் முதலில் பெல்ட்டைச் சரியாக மாட்டி கம்பிரஷன் அளவைக் காட்டச் சொல்லுங்கள். கழற்றிய பாகங்களைக் கையோடு கேட்டு வாங்குங்கள். புது பெல்ட் உங்கள் கண்முன்னே உறையிலிருந்து வரட்டும். முழுப் பணம் முன்னாலேயே கேட்டால் நடையைக் கட்டுங்கள். பெல்ட்டை 1,000 மணி நேரம் அல்லது 5 ஆண்டுக்குள் மாற்றுங்கள்.

பயனீட்டாளர் சங்கத்தில் புகார் கொடுத்தாயிற்று. அடுத்து சிறு தொகை வழக்குகளைப் பார்க்கும் ஸ்மால் கிளெய்ம்ஸ் தீர்ப்பாயம்தான். 20,000 வெள்ளி வரை வக்கீல் இல்லாமலே அங்கே கேட்கலாம், 2 ஆண்டுக்குள் போட வேண்டும். இதே ஆளிடம் மாட்டியவர்கள் இருந்தால் பேநவ் பதிவையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழித்துவிடாமல் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள்.