வெளிநாட்டு நிவாரணத்துக்குப் பணம் கொடுக்குமுன்: சாரிட்டி போர்ட்டல் எதுவரை உதவும்?

சிங்கப்பூரில் பதிவான அறநிறுவனங்களைப் பெயராலோ, பதிவான ஒவ்வோர் அமைப்புக்கும் தரப்படும் யுஇஎன் என்ற அடையாள எண்ணாலோ தேடிப் பார்க்க அரசு நடத்தும் இணையத்தளம்தான் சாரிட்டி போர்ட்டல். கட்டணம் இல்லை. வெறுமனே தேடிப் படிக்க சிங்பாஸ் என்ற அரசு இணைய அடையாளமும் வேண்டாம். இலங்கையில் வெள்ளம், தமிழகத்தில் புயல் என்று செய்தி வந்த அரை நாளில் நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில், வங்கிச் செயலியால் உடனே பணம் அனுப்ப உதவும் பேநவ் கியூஆர் படங்கள் வரிசைகட்டும். அனுப்புகிற கை தயங்குவதில்லை, அது நம் மக்களின் நல்ல குணம். அனுப்புமுன் இந்தத் தளத்தில் பத்து நிமிடம் செலவிட வேண்டும் என்பதுதான் எங்கள் முதல் பரிந்துரை.

முதலில் பார்க்க வேண்டியது யுஇஎன். கியூஆரை ஸ்கேன் செய்ததும், பணத்தை உறுதிப்படுத்துவதற்கு முன்பு, வங்கிச் செயலி பெறுநரின் பெயரையும் எண்ணையும் காட்டும். அதை போர்ட்டலில் உள்ள எண்ணோடு ஓர் எழுத்து விடாமல் ஒப்பிடுங்கள். சங்கமாகப் பதிவான அமைப்பின் எண்ணில் நடுவே 'எஸ்எஸ்' என்ற இரண்டு எழுத்துகள் இருக்கும். நிறுவனமாகப் பதிவானதென்றால் தொடக்கமே பதிவான ஆண்டாக இருக்கும். எண்ணின் கடைசியில் கூடுதலாக மூன்று எழுத்துகளோ இலக்கங்களோ இருந்தால் பதற வேண்டாம். ஒரே அமைப்பு பல நிதிகளைப் பிரித்து வாங்க பேநவ் அனுமதிக்கும் பின்னொட்டு அது. ஆனால் அமைப்பின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தனிநபர் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

அடுத்தது கணக்கு. இந்தப் பகுதிக்காகவே போர்ட்டலைப் பாராட்டலாம். ஆண்டறிக்கை, நிதி அறிக்கை, நிர்வாகச் சுயமதிப்பீட்டுப் பட்டியல் ஆகியவற்றை அமைப்புகள் நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். 2005-இல் தேசிய சிறுநீரக அறநிறுவனத்தின் நன்கொடைப் பண முறைகேட்டு விவகாரம் வெடித்தபின் விதிகள் இறுக்கப்பட்டதன் பலன் இது. நிதி அறிக்கையைத் திறந்ததும் பலர் மொத்த வரவைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது 'கட்டுப்படுத்தப்பட்ட நிதி' என்ற பத்தியை. குறிப்பிட்ட பேரிடருக்கென்று வாங்கிய பணம் அங்கேதான் தனியாக நிற்கும். ஆண்டுத் தொடக்க இருப்பு, வரவு, செலவு, முடிவு இருப்பு என்று நான்கு எண்கள் இருக்கும். மூன்று ஆண்டு அறிக்கைகளை அருகருகே வைத்துப் பாருங்கள். பேரிடர் முடிந்து மூன்றாம் ஆண்டிலும் முடிவு இருப்பு அசையாமல் இருந்தால், பணம் வந்திருக்கிறது, வேலை நடக்கவில்லை என்று பொருள். மெதுவாகக் குறைந்தால் நல்லதுதான். வீடு கட்டுவது ஒரு மாத வேலை இல்லையே. நிதி திரட்டும் செலவு, திரட்டிய வரவில் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற விதியையும் நினைவில் வையுங்கள்.

குறைகளும் உண்டு. தளம் ஆங்கிலத்தில்தான் இயங்குகிறது. தகவலும் பழையதாக இருக்கும். ஜனவரியில் ஒரு பேரிடர் நேர்ந்து, அமைப்பின் நிதியாண்டு டிசம்பரில் முடிகிறது என்றால், அந்தப் பணத்தின் கணக்கை நீங்கள் பார்க்க அடுத்த ஆண்டு ஜூன் ஆகிவிடலாம்.

வெளிநாட்டு நோக்கத்துக்குப் பொதுமக்களிடம் நிதி திரட்ட அறநிறுவன ஆணையரின் அனுமதி வேண்டும். திரட்டிய நிகரத் தொகையில் 80 விழுக்காட்டைச் சிங்கப்பூரிலேயே செலவிட வேண்டும் என்பது பொது விதி. உடனடிப் பேரிடர் நிவாரணத்துக்கு அதில் விலக்கு தரப்படுவதுண்டு. வரிச் சலுகையும் இதே பக்கம்தான் சாய்கிறது. கொடையாளருக்கு வரிச் சலுகை பெற்றுத்தரும் தகுதியுள்ள உள்ளூர் அறநிறுவனத்துக்கு (ஐபிசி) 1,000 வெள்ளி கொடுத்தால் வரிக்குரிய வருமானத்தில் 2,500 வெள்ளி கழியும். 2025 முதல் 2028 இறுதி வரை முன்னோட்டமாக நடக்கும் திட்டத்தின்கீழ், அதற்கென நியமிக்கப்பட்ட அறநிறுவனம் வழியாக வெளிநாட்டு அவசர நிவாரணத்துக்குக் கொடுத்தால் 1,000 வெள்ளி மட்டும் கழியும். 7 விழுக்காடு வரி கட்டும் நிலையில் இருப்பவருக்கு முன்னது 175 வெள்ளி மிச்சம், பின்னது 70 வெள்ளி. கிளிநொச்சியில் பெண்கள் கூட்டுறவுக்கோ ஜார்க்கண்டில் பள்ளிக்கூடத்துக்கோ கொடுத்தால் ஒன்றும் கழியாது. குடிமைச் சமூக அமைப்புகள் உண்மையில் எதில் வலுவானவையோ, அந்த நெடுநாள் வேலைக்குப் பணம் கிடைப்பது இங்கே கடினம். அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்ட் 2025 ஜூலை 1-ஆம் தேதியோடு நின்றுபோன பிறகு இந்த இடைவெளி இன்னும் வலிக்கிறது.

போர்ட்டலின் பெரிய எல்லை இனிமேல்தான் வருகிறது. இங்கே யார் வாங்குகிறார் என்பதை அது தெளிவாகச் சொல்லும். அங்கே மக்களிடம் உதவியை யார் கொண்டுசேர்க்கிறார் என்பதை அறிய அமைப்பின் ஆண்டறிக்கையைத்தான் புரட்ட வேண்டும், அதிலும் இருந்தால் உண்டு. சிங்கப்பூர் அமைப்புகள் பெரும்பாலும் அந்த ஊர்க் கூட்டாளி அமைப்பு வழியாகவே வேலை செய்கின்றன. உதவியின் தரம் அந்தக் கூட்டாளியிடம்தான் இருக்கிறது. நாகப்பட்டினம் இதற்கு நல்ல பாடம். 2004 சுனாமிக்குப் பின் யாரும் கேட்காத பழைய துணிகள் அங்கே சாலையோரம் குவிந்து மட்கின. அமைப்புகள் போட்டி போட்டுக்கொண்டு ஃபைபர் படகுகளைக் கொடுத்ததில் தேவைக்கு மேல் படகுகள் சேர்ந்தன. அதே ஊரில்தான் ஸ்நேகா அமைப்பும் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் சேர்ந்து ஒருங்கிணைப்பு மையம் ஒன்றை நடத்தின. எந்தக் குப்பத்தில் எந்த அமைப்பு, என்ன இன்னும் போய்ச் சேரவில்லை என்ற தகவலை ஓரிடத்தில் திரட்டி, மாவட்ட நிர்வாகத்துக்கும் தொண்டு அமைப்புகளுக்கும் நடுவே அது நின்றது. அந்த ஊரில் ஏற்கெனவே வேரூன்றிய அமைப்புகளால்தான் இதைச் செய்ய முடிந்தது. 2016-இல் இஸ்தான்புல்லில் பெரிய கொடையாளர்களும் உதவி அமைப்புகளும், மனிதாபிமான நிதியில் குறைந்தது 25 விழுக்காட்டை உள்ளூர் அமைப்புகளுக்கு இயன்றவரை நேரடியாகக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டதற்கும் இதுதான் காரணம். 2020-க்குள் எட்ட வேண்டிய அந்த இலக்கு எட்டப்படவில்லை.

ஆகவே போர்ட்டலை மூடியதும் அமைப்புக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். கூட்டாளி அமைப்பின் பெயர் என்ன? எத்தனை ஆண்டாக அந்த மாவட்டத்தில் இருக்கிறது? பணமாகக் கொடுக்கிறீர்களா, பொருளாகவா? சந்தை இயங்கும் ஊரில் பணம்தான் நல்லது, இங்கிருந்து அரிசி மூட்டை அனுப்பினால் கப்பல் கூலியே பாதியைத் தின்றுவிடும். முகாம் என்றால், மனிதாபிமான உதவிக்கான உலகளாவிய குறைந்தபட்ச அளவுகளான ஸ்பியர் தரநிலையை வைத்துக் கேளுங்கள்: ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை, தலைக்கு 3.5 சதுர மீட்டர் கூரையடி இடம். களத்தில் இருப்பவர்களுக்கு இந்த எண்கள் மனப்பாடம், பதில் உடனே வரும். கடைசியாக, பணம் தேவைக்கு மேல் சேர்ந்தால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு சுனாமி நடந்து சில நாட்களிலேயே, தன் பணிக்குப் போதிய பணம் சேர்ந்துவிட்டது, இனி மற்ற நெருக்கடிகளுக்குக் கொடுங்கள் என்று அறிவித்தது. அப்போது அதைக் குறை சொன்னவர்களும் இருந்தார்கள். எங்கள் கணிப்பில், ஓர் அமைப்பு செய்யக்கூடிய நேர்மையான காரியங்களில் அது ஒன்று.

தமிழகத்திலுள்ள அமைப்புக்கு நேரே அனுப்ப நினைப்பவர்களுக்குப் போர்ட்டல் உதவாது. அங்கே வெளிநாட்டு நன்கொடைகளை ஒழுங்குபடுத்தும் இந்தியாவின் எஃப்சிஆர்ஏ சட்டம்தான் வழி. வெளிநாட்டு நன்கொடை பெற அந்த அமைப்புக்கு அச்சட்டத்தின்கீழ் அனுமதி இருக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பின் அந்தப் பணம் முதலில் புதுடில்லி பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் அமைப்பு வைத்திருக்கும் கணக்குக்குத்தான் போக வேண்டும். உள்ளூர் வங்கிக் கணக்கு எண் தந்து 'இதிலேயே போடுங்கள்' என்றால் சிக்கல். ஓர் அமைப்பு அந்தப் பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. ஆகவே பெரிய அமைப்பிடம் கொடுத்து கிராமத்துச் சிறிய அமைப்புக்குப் போய்ச் சேரும் என்று நம்பிவிடாதீர்கள். நீங்கள் சிங்கப்பூர்க் குடிமகன் என்றால், இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும், உங்கள் பணம் வெளிநாட்டு நன்கொடைதான். இந்தியக் கடப்பிதழோடு இங்கே வேலை பார்ப்பவர் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது அந்த வகையில் சேராது. அதை உறுதிசெய்துகொள்ள அமைப்பு கடப்பிதழ் விவரம் கேட்கும். நீங்களும் அமைப்பின் பதிவெண்ணைச் சரிபார்த்துவிட்டுக் கொடுங்கள். கடப்பிதழ் விவரம் கேட்காமல் வாங்கிக்கொள்ளும் அமைப்பிடம்தான் எச்சரிக்கை வேண்டும்.