ஸ்டேஷனுக்குப் போவதா, 1930-க்கு அடிப்பதா?

ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கிற ஒருவரின் வங்கிக் கணக்கிலிருந்து ஆன்லைன் மோசடியில் பணம் போய்விட்டது என்று வையுங்கள். எடுத்தவன் எந்த மாநிலத்தில் இருக்கிறான் என்றே தெரியாது. நம் கிருஷ்ணகிரிப் பக்கம் பலரும் முதலில் ஓடுவது பக்கத்து ஸ்டேஷனுக்கு. இந்த ஒரு விஷயத்தில் அது வேண்டாம் என்பேன். மோசடிக்காரன் நிமிடக் கணக்கில் பணத்தை நாலைந்து கணக்குகளுக்கு மாற்றிவிடுவான். இணையப் பண மோசடிக்கான உதவி எண் 1930-க்கு உடனே அடித்தால் தகவல் வங்கிகளுக்குப் போகும். மீதமிருப்பதையாவது முடக்கப் பார்ப்பார்கள். பரிவர்த்தனை எண், நேரம், தொகை மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். ஸ்டேஷனில் காத்திருக்கும் நேரத்துக்குள் பணம் கைமாறிவிடும், அதுதான் என் கவலை.

அடிதடி, வரப்புத் தகராறு, வீட்டுக்குள் நடக்கும் கொடுமை என்றால் நேரில் போவதே நல்லது. ஊரையும் ஆளையும் தெரிந்த போலீஸ்காரர் முகம் பார்த்துக் கேட்பதற்கு ஈடாக எந்தப் படிவமும் இல்லை. புகாரைப் பெற்றுக்கொண்டதற்குத் தரும் சிஎஸ்ஆர் ரசீதை வாங்காமல் மட்டும் கிளம்பாதீர்கள்.

“இது எங்க லிமிட் இல்ல, அத்திப்பள்ளிக்குப் போங்க” என்று கர்நாடகப் பக்கத்து ஸ்டேஷனுக்குத் திருப்பி அனுப்பினால் விடாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவுப்படி, வாரண்ட் இல்லாமலே போலீஸ் கைது செய்யத்தக்க குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். மின்னணு வழியிலும் அனுப்பலாம். ஆனால் 3 நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். எஃப்ஐஆர் நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள்.