வீடு காலி செய்பவர்களுக்கு: அட்வான்ஸ் கைக்கு வராமல் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள்

அம்பத்தூரில் ஐந்து வருடம் குடியிருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு தாம்பரம் பக்கம் வந்தோம். ஓனரிடம் இருந்த எங்கள் அட்வான்ஸ் 1,60,000 ரூபாய். அதில் 32,000 ரூபாய் திரும்பி வரவே இல்லை. வந்ததிலும் பாதிக்கு மேல் வக்கீல் நோட்டீஸ் போன பிறகுதான் வந்தது. வாடகை வீட்டில் இருக்கிறவர்கள், முக்கியமாக அடுத்த சில மாதங்களில் காலி செய்யப் போகிறவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது பழைய வழக்கம். எங்களைப் போன்ற குடும்பத்துக்கு அது மொத்தச் சேமிப்பு. காலி செய்யும்போது அந்தப் பணம் வந்தால்தான் அடுத்த வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க முடியும். இது ஓனருக்கும் நன்றாகத் தெரியும். நாள் தள்ளத் தள்ள நெருக்கடி நமக்குத்தான், அவருக்கு ஒன்றும் ஆகாது. எவ்வளவு பிடித்தாலும் "குடுத்தவரைக்கும் போதும்" என்று வாங்கிக்கொண்டு போய்விடுவோம் என்று அவர்கள் கணக்குப் போடுவது இதை வைத்துத்தான்.

ஒப்பந்தத்தில் இருந்தபடி இரண்டு மாதம் முன்பே சொல்லிவிட்டோம். வாட்ஸ்அப்பில் எழுதினேன், கையெழுத்துப் போட்டு ஒரு கடிதமும் கொடுத்தேன். "அதுக்கென்னம்மா, சாவி குடுக்குற அன்னிக்கே செட்டில் பண்ணிடலாம்" என்றார். அதற்குப் பிறகு புரோக்கர் ஆள் மாற்றி ஆள் கூட்டிவந்து வீட்டைக் காட்டிக்கொண்டே இருந்தார். சமைக்கும் நேரமானாலும் குழந்தை தூங்கும் நேரமானாலும் கதவைத் திறந்துவிட்டோம். சாமான் ஏற்றிய அன்று ஓனர் வந்து ஒவ்வொரு அறையாகப் பார்த்தார். குழாய்களைத் திறந்து மூடினார், கீசரைப் போட்டுத் தண்ணீர் சுடுகிறதா என்று கையை வைத்துப் பார்த்தார். ஒரு குறையும் சொல்லவில்லை. பணத்தைப் பற்றி என் வீட்டுக்காரர் கேட்டதும், "எஃப்டியை உடைக்கணும் தம்பி, திங்கக்கிழமை பேங்க் திறந்ததும் போட்டு விட்டுடறேன்" என்று சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டார். கீழே வண்டி நின்றுகொண்டிருந்தது. ஏற்றுக்கூலி ஆட்கள் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் வாசலில் நின்று சண்டை போட யாராலும் முடியாது.

திங்கட்கிழமை 50,000 மட்டும் வந்தது. மீதி எங்கே என்று கேட்டால், "புதுசா வர்றவங்க அட்வான்ஸ் குடுக்கட்டும்மா" என்றார். நாம் கொடுக்கும் அட்வான்ஸ் ஏதோ பத்திரமாக வங்கியில் கிடக்கிறது என்றுதான் நினைப்போம். பல வீடுகளில் அது வாங்கிய மாதமே மாடி கட்டவோ மகள் கல்யாணத்துக்கோ செலவாகியிருக்கும். அடுத்து வருபவர் தரும் பணத்தில்தான் நமக்குத் திருப்பித் தருவார்கள். ஆள் வரத் தாமதமானால் நம் பணமும் தாமதம். ஆள் வந்துவிட்டால், கைக்கு வந்த பணத்தை விட மனசு வராது. அப்போதுதான் பிடித்தக் கணக்கு முளைக்கும்.

எங்களுக்கும் அப்படித்தான் முளைத்தது. தாம்பரம் வீட்டு அட்வான்ஸுக்காக என் வளையல்களை வங்கியில் நகைக்கடனுக்கு வைத்திருந்த நேரம். வாட்ஸ்அப்பில் ஒரு துண்டுச் சீட்டின் படம் வந்தது. பெயின்டிங் 32,000, கீசர் 9,500, சுவர் ஓட்டையும் டைல்ஸும் 7,000, கொசுவலை 6,000, கிளீனிங் 5,000, குழாயும் சிங்க்கும் 4,500, கரண்ட் பாக்கி 3,800. மொத்தம் 67,800 ரூபாய். ஒன்றுக்கும் பில் கிடையாது. கேட்டதற்கு, "பெயின்டர் எல்லாம் எங்கம்மா பில் குடுக்கறான்?" என்றார்.

பெயின்டிங் கணக்கைச் சொல்கிறேன், ஏனென்றால் சென்னையில் அதிகம் ஏமாற்றுவது இதில்தான். எங்கள் ஒப்பந்தத்தில் காலி செய்யும்போது ஒரு மாத வாடகையை வண்ணம் பூசப் பிடித்துக்கொள்ளலாம் என்று இருந்தது. கடைசியாக நாங்கள் கொடுத்த வாடகை 18,500. அதைப் பிடிக்க நாங்கள் மறுக்கவே இல்லை. அவர் கேட்டதோ அதைவிட 13,500 அதிகம். இத்தனைக்கும் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் (2017இல் இயற்றியது) அட்டவணையில் வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்கு வண்ணம் பூசுவதும் உரிமையாளரின் பொறுப்பில்தான் இருக்கின்றன. குடியிருந்த தேய்மானத்துக்கு வாடகைதாரர் பொறுப்பல்ல என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது.

கீசர் ரிப்பேர், கொசுவலை, குழாய், சுவிட்ச் போன்றவை சட்டப்படி வாடகைதாரர் பொறுப்புதான். அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் காலி செய்த அன்று அவரே போட்டுப் பார்த்த கீசர் அது. எழுதியிருந்ததோ புது கீசரின் விலை.

கரண்ட் பாக்கியை என்னால் அங்கேயே உடைக்க முடிந்தது. சாவி கொடுத்த அன்று மீட்டரைப் படம் எடுத்து அவருக்கே அனுப்பியிருந்தேன். மின்வாரியம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் ரீடிங் எடுக்கும். அவர் காட்டிய பில்லில் நாங்கள் போன பிறகு பெயின்டர்கள் ஓட்டியதும் புதிதாக வந்தவர்கள் ஏசி போட்டதும் சேர்ந்தே இருந்தன. நுகர்வோர் எண்ணைப் போட்டு வாரியத்தின் இணையதளத்தில் பார்த்துக் கணக்கிட்டதில் எங்கள் பங்கு 1,200 ரூபாய்தான் வந்தது.

அப்புறம் ஒரு நாள் பழைய முகவரிக்கு வந்த தபாலை வாங்கப் போனபோது புதிதாகக் குடிவந்த தம்பதியைப் பார்த்தேன். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். ஹாலின் ஒரு சுவரில் மட்டும்தான் புது பெயின்ட். படுக்கையறையில் என் மகள் பென்சிலால் கிறுக்கியது அப்படியே இருந்தது. கொசுவலை நான் மூலையில் தைத்துவிட்ட அதே வலை. கீசரும் பழையதுதான். அவர்கள் 2,00,000 அட்வான்ஸ் கொடுத்துத்தான் உள்ளே வந்திருக்கிறார்கள். எங்களிடம் "இன்னும் அவங்க குடுக்கலைம்மா" என்று சொன்ன அதே நாட்களில்! அன்று வந்த கோபம் இன்னும் எனக்குத் தணியவில்லை. அவர்கள் அனுமதியோடு எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டேன்.

காவல் நிலையத்தில், சிவில் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். தெரிந்த வக்கீல் மூலம் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினோம். ஒப்பந்தம், அட்வான்ஸ் கொடுத்த வங்கிப் பரிவர்த்தனை, மீட்டர் படம், வீட்டுப் படங்கள், அவர் எழுதிய சீட்டு, எல்லாம் கையில் இருந்தன. வீடு காலியான ஒரு மாதத்துக்குள், நியாயமான பாக்கியைக் கழித்துக்கொண்டு அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்று அதே 2017 சட்டம் சொல்வதையும் நோட்டீஸில் எழுதினார் வக்கீல். கூடவே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்தோம். வழக்குப் போடும் முன்பே இரு தரப்பையும் கூப்பிட்டுச் சமரசம் பேசவைப்பார்கள், நீதிமன்றக் கட்டணம் கிடையாது. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. இது நிறைய பேருக்குத் தெரியவில்லை.

அங்கே பெயின்டிங் பில்லைக் கேட்டதும் அவர் இறங்கி வந்தார். பேசிப் பேசி மேலும் 78,000 தந்தார். ஒப்புக்கொண்ட பெயின்டிங்கும் கரண்டும் போக இன்னும் 12,300 ரூபாய் எந்தக் காரணமும் இல்லாமல் அவரிடமே நின்றுவிட்டது. நகைக்கடன் வட்டி ஏறிக்கொண்டிருந்ததால் அதோடு முடித்துக்கொண்டோம். அந்த வட்டியை யாரும் திருப்பித் தரப்போவதில்லை.

அந்த 2017 வாடகைச் சட்டப்படி அரசு நியமித்திருக்கும் வாடகை அதிகாரியிடம் ஏன் போகவில்லை என்று கேட்பீர்கள். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அந்த அதிகாரியிடம் ஒப்பந்தத்தைப் பதிவு செய்து பதிவு எண் வாங்கியிருக்க வேண்டும். பதினோரு மாத ஒப்பந்தம் என்றால் பதிவே தேவையில்லை என்று ஓனர்களும் புரோக்கர்களும் சொல்வார்கள். அது சார்பதிவாளர் அலுவலகப் பதிவுக்குப் பொருந்தும், இந்தப் பதிவுக்குப் பொருந்தாது. எங்கள் ஓனரிடம் ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் கேட்டோம், "அதெல்லாம் டாக்ஸ் பிரச்சனை வரும்மா" என்று தட்டிக்கழித்தார். அந்த எண் இல்லாமல் அங்கே போனால் இழுத்தடிக்கும் என்பதால் வக்கீல் சமரச வழியைச் சொன்னார். இன்னொன்று: ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது சட்டம். பத்து மாதம் என்று எழுதி நம் கையெழுத்தை வாங்கிவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். அதனால் குடிபோகும்போதே அட்வான்ஸைக் குறைக்கப் பேசுங்கள். வாடகை ஐந்நூறு கூடினாலும் பரவாயில்லை.

இப்போது வீட்டில் இருப்பவர்கள், காலி செய்யும் தேதிக்கு இரண்டு வாரம் முன்பே ஓனரை வரச்சொல்லி வீட்டைக் காட்டி, என்னென்ன பிடிப்பார், எவ்வளவு பிடிப்பார் என்பதை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். வெறும் வீட்டை வீடியோ எடுத்து அவருக்கே அனுப்புங்கள். பணம் கணக்கில் ஏறியதைப் பார்த்துவிட்டு அதே இடத்தில் சாவியைக் கொடுங்கள். அவர் தயாராக இல்லையென்றால், "வீடு காலியாக இருக்கிறது, பணம் தந்த நிமிடமே சாவி தருகிறோம்" என்று எழுத்தில் அனுப்பிவிடுங்கள். ஆனால் மாதக்கணக்கில் சாவியை வைத்துக்கொண்டிருக்காதீர்கள், அந்த மாதங்களுக்கும் வாடகை கேட்பார்கள். கடைசி மாத வாடகைகளை அட்வான்ஸில் கழித்துவிடுங்கள் என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். நல்ல வழிதான், ஆனால் ஓனர் எழுத்தில் சரி என்று சொல்லியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு மாத வாடகை பாக்கி என்று காட்டி நம்மையே குற்றவாளி ஆக்கிவிடுவார்கள்.

ஏற்கெனவே காலி செய்துவிட்டுப் பணத்துக்குக் காத்திருப்பவர்கள் போனில் கெஞ்சிக்கொண்டிருக்க வேண்டாம். பணத்தைக் கேட்டு வழக்குப் போட மூன்று வருடம்தான் கெடு. இந்த வாரமே நோட்டீஸ் அனுப்புங்கள், அது போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையைப் பத்திரமாக வையுங்கள்.