அஞ்சு மீட்டர் நீளுற நாய் லீஷ், குன்னூர் ரோட்டுக்கு ஆகுமா?

தானா சுருட்டிக்கிற லீஷ், அதாவது பிடிக்குள்ள சுருண்டிருக்கற நாடா நாய் போனா நீண்டு, கிட்ட வந்தா உள்ள போயிடற நாய்க் கயிறு, வாங்கப் போறீங்கன்னா அது எவ்ளோ நீளுதுன்னு பாக்காதீங்க, எவ்ளோ தூரத்துல நிறுத்தி வைக்க முடியுதுன்னு பாருங்க. டப்பா மேல "5 மீட்டர்"னு கொட்டை எழுத்துல போட்டிருப்பான். கீழ கோயம்புத்தூர்ல பெரிய கிரவுண்டு பக்கத்துல வீடு இருக்கறவங்களுக்கு அது சரி. இங்க ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம், நடுவுல ரெண்டு வண்டி எதிரெதிரே வந்தா ஒண்ணு ஒதுங்கணும், இதுல நாய் அஞ்சு மீட்டர் முன்னாடி போச்சுன்னா அது வளைவுக்கு அந்தப் பக்கம் நிக்கும், நீங்க இந்தப் பக்கம் பிடியைப் புடிச்சுகிட்டு நிப்பீங்க, எதிர்ல வர்ற டூரிஸ்ட் வண்டிக்காரனுக்கு ரெண்டு பேருமே தெரிய மாட்டீங்க.

அதனாலதான் டயல் வச்ச மாடலா தேடி வாங்கினேன். ஆன்லைன்ல 1,450 ரூபாய். பிராண்ட் பேர் எழுதல, ஏன்னா இதே சாமானை நாலஞ்சு பேர்ல, கலர மட்டும் மாத்தி விக்கிறாங்க, நீங்க தேடினாலே தெரியும், பிடியோட பக்கத்துல 1, 1.5, 2, 3, 5ன்னு எண் போட்ட ஒரு வட்ட டயல் இருக்கும். ரிப்பன் மாதிரி பட்டை நாடா, 25 கிலோ வரைக்கும் தாங்கும்னு போட்டிருக்கு. நம்ம நாய் ராக்கி சிப்பிப்பாறை வேட்டை நாய்க் கலப்பு, 22 கிலோ, எலும்பும் தோலுமா இருப்பான், ஆனா முயல் வாசனை வந்தா ஆளையே இழுத்துட்டுப் போவான்.

சாதா மாடல்லயும் ஒரு லாக் பட்டன் இருக்கே, அப்புறம் எதுக்கு டயல்னு கேக்கறாங்க. லாக் வேற, லிமிட் வேற. லாக் போட்டா நாடா அந்த இடத்துல அப்படியே நின்னுடும், நீளாது, சுருங்கவும் சுருங்காது. நாய் பக்கத்துல வந்தா நாடா தொங்கும், கால்ல சிக்கும், சேத்துல இழுபடும், அதுக்கு 150 ரூபா நைலான் கயிறே போதும். லிமிட்னா ரெண்டு மீட்டருக்கு மேல போக விடாது, ஆனா ரெண்டு மீட்டருக்குள்ள நாய் கிட்ட வந்தாலும் தள்ளிப் போனாலும் நாடா தானா சுருங்கி நீண்டு டைட்டாவே இருக்கும். இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் காசு குடுக்கறோம், இது இல்லாத மாடல மலை மேல யாரும் வாங்காதீங்கன்னே சொல்லுவேன்.

கட்டை விரல்ல பிரேக் பட்டன் இருக்கு, அமுக்கினா நின்னுடும்தானே அப்படின்னா, ஒரு கணக்கு பாருங்க. நாய் சாதாரணமா மணிக்கு 20 கிலோமீட்டர்ல ஓடுதுன்னு வைங்க, சிப்பிப்பாறை அதைவிட ரொம்பவே வேகம், அது வேற. 20 கிலோமீட்டர்னா ஒரு செகண்டுக்கு அஞ்சரை மீட்டர். அதாவது நீங்க "ஏய்"னு சொல்லி விரலை அமுக்கறதுக்குள்ள மொத்த நாடாவும் வெளிய போயிருக்கும், கடைசில நாய் முழு வேகத்துல போய் டக்குனு நிக்கும், அந்த வெட்டு நாய் கழுத்துக்கும் உங்க தோள்பட்டைக்கும்தான். ஒன்றரை மீட்டர்ல டயல் வச்சிருந்தா அவனுக்கு வேகம் எடுக்கவே இடம் கிடைக்காது. அதே காரணத்துக்காக இந்த லீஷ கழுத்துப் பட்டைல மாட்டாதீங்க, நெஞ்சுல போடற ஹார்னஸ்ல மாட்டுங்க.

போன மழைக்காலத்துல ஒரு நாள் லேம்ஸ் ராக் வியூ பாயிண்ட் போற ரோட்டுல, காலைல ஆறரை இருக்கும், மூடுபனின்னா அப்படி ஒரு பனி, சில்வர் ஓக் மரத்துல அடி மட்டும்தான் தெரியுது. ராக்கி நின்னான், ரெண்டு காதும் முன்னாடி, முதுகு முடி எல்லாம் நட்டுகிச்சு. தேயிலைக்குள்ள இருந்து "புஸ்ஸ்"னு ஒரு மூச்சு. காட்டெருமை. பனில உடம்பு தெரியல, முழங்காலுக்குக் கீழ வெள்ளை மட்டும் தெரியுது, சாக்ஸ் போட்ட மாதிரி இருக்குமே அது. இவன் பாய்ஞ்சான், ஒன்றரை மீட்டர்ல டக்குனு நின்னுச்சு, என் விரல் பட்டன் மேலயே இல்ல. நான் அப்படியே பின்னாடி நடக்க நடக்க அவனும் திரும்பி வந்தான், நாடா தானா சுருங்கி என் கால் பக்கத்துல வந்துட்டான். இங்க இருக்கறவங்களுக்குத் தெரியும், காட்டெருமை சும்மா விட்டா அது பாட்டுக்குப் போகும், நாய் குரைச்சுகிட்டு கிட்ட போனாத்தான் திரும்பும், திரும்பினா நாய் ஓடி வந்து நம்ம காலுக்குப் பின்னாடிதான் ஒளியும். அன்னைக்கு இந்த டயலுக்கே 1,450 குடுக்கலாம்னு தோணுச்சு. (சிறுத்தைக்கு எந்த லீஷும் உதவாது, இருட்டினப்புறம் நாயோட வெளிய போகாதீங்க, அவ்ளோதான்.)

சரி புகழ்ந்தது போதும், மழைக்கு வருவோம்.

மழைல இந்த சாமானோட வேஷம் கலையுது. நனைஞ்ச நாடாவ அது பாட்டுக்கு உள்ள சுருட்டிக்கும், உள்ள காத்து கிடையாது, தண்ணி வடியறதுக்கு ஒரு ஓட்டை கூட வைக்கல. ரெண்டு நாள்ல பிடியை மூக்கு கிட்ட கொண்டு போக முடியல. வீட்டுக்கு வந்ததும் நாடாவ முழுசா வெளிய இழுத்து, லாக் போட்டு, அடுப்பங்கரை ஓரம் கொடில தொங்க விடணும், இல்லன்னா பூஞ்சை. ஒரு தடவை நாடாவோட சேந்து ஒரு அட்டைப்பூச்சியும் உள்ள போயிருக்கு, மறுநாள் காலைல நாடா வெளிய வரும்போது அதுவும் நெளிஞ்சுகிட்டு வெளிய வந்துச்சு, என் வீட்டம்மா அன்னையில இருந்து இதைத் தொடறதே இல்ல.

இன்னொரு வேடிக்கை, நாடா நனைஞ்சா டயல் கணக்கு மாறுது. காஞ்சிருக்கும்போது இன்ச் டேப் வச்சு அளந்தேன், ரெண்டுல வச்சா ரெண்டு மீட்டர் கரெக்டா இருக்கு. நனைஞ்சு ஊறினப்புறம் அளந்தா நாலு விரக்கடை கூட வருது. ஏன்னு அப்புறம்தான் புரிஞ்சுது. இந்த டயல் நீளத்த அளக்கறதே இல்ல, உள்ள இருக்கற ட்ரம் எத்தனை சுத்து சுத்துதுங்கறத ஒரு குட்டிப் பல்சக்கரம் எண்ணுது, நாம வச்ச எண்ணிக்கை வந்ததும் ஒரு பின் தடுக்குது. ஊறின நாடா தடிமனா சுத்தியிருக்கும், சுத்து பெருசாகும், அதே சுத்துக்கு நீளம் கூட வரும். நாலு விரக்கடைல குடி முழுகிடாது, ஆனா ரோட்டோரம் நடக்கறப்ப தெரிஞ்சு வச்சுக்கங்க.

இது எப்படி எனக்குத் தெரியும்னா, பிரிச்சுப் பாத்தோம். நான் பிரிக்கல, நம்ம பக்கத்துல தேயிலைத் தோட்டத்துக்கு கவாத்து மெஷின், கொழுந்து வெட்டற மெஷின் எல்லாம் ரிப்பேர் பாக்கற அண்ணன் ஒருத்தர் இருக்காரு, அவர்கிட்ட குடுத்தேன். ஸ்க்ரூவ கழட்டும்போதே "தம்பி, தள்ளி நில்லு, உள்ள ஸ்பிரிங் இருக்கு, மூஞ்சில அடிக்கும்"னாரு. தொறந்து பாத்துட்டு சிரிக்கிறாரு, "இதுக்கா ஆயிரத்து சொச்சம் குடுத்த, இது நம்ம மெஷின் ஸ்டார்ட்டர் கயிறு இழுக்கறோமே அந்த செட்டுதான்"ன்னாரு. உண்மைதான். மெஷின ஸ்டார்ட் பண்ண கயித்த இழுத்து விட்டா தானா உள்ள போகுதே, அதுல இருக்கற அதே சுருள் பட்டை ஸ்பிரிங், அதே மாதிரி ட்ரம். வித்தியாசம் என்னன்னா மெஷின்ல ஸ்பிரிங் தடிமன், இதுல ப்ளேடு மாதிரி மெலிசு, ஓரத்துல அப்பவே துரு புடிக்க ஆரம்பிச்சிருந்துச்சு.

பிரேக் எப்படி வேலை செய்யுதுன்னா, மேட்டுப்பாளையத்துல இருந்து ஏறி வர்ற நம்ம மலை ரயில் கல்லாறு தாண்டினதும் தண்டவாளத்து நடுவுல இருக்கற பல்லுல கடிச்சு ஏறுதே, ஏறக்குறைய அந்த வேலைதான், ட்ரம் விளிம்புல சுத்தியும் பல்லு, பட்டன அமுக்கினா ஒரு நாக்கு போய் பல்லுல கடிக்கும். ஆனா ரயில்ல இரும்புப் பல்லு, இதுல ரெண்டும் பிளாஸ்டிக். அண்ணன் நகத்தால தடவிக் காட்டினாரு, நாக்கோட முனை ஒரு பக்கம் மழுங்கியிருக்கு. நாய் ஓடிட்டு இருக்கறப்ப பட்டன அமுக்கி அமுக்கி நிறுத்தினா இப்படித்தான் ஆகும், "டர்ர்ர்"னு ஒரு சத்தம் கேக்கும் பாருங்க, அது பல்லு தேயற சத்தம். டயல் தடுக்கற பின் மட்டும் இரும்பு, நல்லா தடிமனா இருக்கு, அதுக்கு ஒரு சபாஷ். அவர் ஸ்பிரிங்க மண்ணெண்ணெய்ல தொடச்சு கொஞ்சம் கிரீஸ் வச்சு மூடிக் குடுத்தாரு, காசு வாங்கல, டீ வாங்கிக் குடுத்தேன். நீங்களா வீட்டுல பிரிக்காதீங்க, அந்த ஸ்பிரிங் வெளிய வந்தா திரும்ப உள்ள வைக்கறது லேசுப்பட்ட வேலை இல்ல, கைய வேற கிழிச்சிடும்.

இந்த ஐடியா ஒண்ணும் புதுசு இல்லீங்க. 1908லயே நியூயார்க்ல மேரி டெலானின்னு ஒரு அம்மா தானா சுருங்கற நாய்க் கயித்துக்கு பேடண்ட் வாங்கியிருக்காங்க, அப்புறம் ஜெர்மனில ஃப்ளெக்ஸி கம்பெனி 1973ல ஆரம்பிச்சு இதையே தொழிலா ஆக்கி உலகம் பூரா வித்தாங்க. இத்தனை வருஷத்துல ஒரு வடிகால் ஓட்டை வைக்கணும்னு இவனுங்களுக்குத் தோணலையேன்னுதான் எனக்கு ஆத்தாமை.

பிடி பத்தி சொல்லணும். பெருசு, வழவழப்பு. ஊட்டி பக்கம் டிசம்பர், ஜனவரில உறைபனி விழற நாள்ல கம்பளி கையுறை போட்டுட்டு இதைப் புடிச்சுப் பாருங்க, டயல திருப்பவே முடியாது, மேடு பள்ளம் இல்லாம சமமா செஞ்சு வச்சிருக்கான். கையுறைய கழட்டி, எண்ண பாத்து, திருப்பி, மறுபடி போடணும். எண்ண கண்ணால பாக்காம விரலாலயே தடவித் தெரிஞ்சுக்கற மாதிரி ஒவ்வொரு நிலைக்கும் ஒரு வெட்டு போட்டிருந்தா எவ்ளோ நல்லா இருந்திருக்கும், டிசைன் பண்ணவன் ஏசி ரூம்ல உக்காந்து பண்ணியிருக்கான்.

அதைவிடப் பெரிய குறை, மணிக்கட்டுல மாட்டற வார் கிடையாது. கீழ விழுந்தா என்ன ஆகும்னு பக்கத்து வீட்டு அக்கா புண்ணியத்துல பாத்தோம். அவங்க ஆசையா கொஞ்ச நேரம் புடிச்சாங்க, படிக்கட்டு இறங்கறப்ப கை நழுவிடுச்சு. டயல் அஞ்சுல இருந்துச்சு. நாடா சுருங்கத்தானே செய்யும், பிடி கல்லு மேல "டக டக டக"ன்னு நாயைத் துரத்திகிட்டு வருது, ராக்கிக்கு என்னமோ தன்னைப் புடிக்க வருதுன்னு நெனப்பு, அவன் ஓட ஓட அதுவும் பின்னாடியே ஓடுது, கடைசில கீழ தேயிலைக்குள்ள போய் செடில சுத்திக்கிட்டு நின்னான். அக்கா அழுதே போட்டாங்க, "ஐயோ தம்பி, புள்ளைக்கு அடி கிடி பட்டுச்சா"ன்னு. ஒண்ணும் ஆகல, ஆனா அதுக்கப்புறம் ரெண்டு வாரம் பிடிய கைல எடுத்தாலே கட்டிலுக்கு அடில போயிடுவான். பழைய பேக் வாரை வெட்டி நானே ஒரு வார் தைச்சுப் போட்டுட்டேன்.

குட்டி நாய்க்கு நடை பழக்க இது வேண்டவே வேண்டாம். ஸ்பிரிங் எப்பவும் லேசா இழுத்துகிட்டே இருக்கும், இழுத்தாத்தான் நீளும்னு நாய் கத்துக்கும், அப்புறம் சாதா கயிறு போட்டாலும் இழுக்கும். சாதா கயித்துல ஒழுங்கா பக்கத்துல நடக்கத் தெரிஞ்ச நாய்க்குத்தான் இது. நாடாவ கையால புடிக்கவே புடிக்காதீங்க, ஓடற நாடா தோல உரிச்சிடும், மெல்லிசு கயிறு மாடல் இன்னும் மோசம், விரல்ல சுத்தினா விரலுக்கே ஆபத்து. கொக்கியையும் அப்பப்ப பாத்துக்கங்க. 2008ல அமெரிக்காவுல ஸ்லைடாக்னு ஒரு லீஷ, கொக்கி உடைஞ்சு ஆள் பக்கமா பாய்ஞ்சு வருதுன்னு ஏறக்குறைய 2,23,000 எண்ணம் திரும்ப வாங்கிகிட்டாங்க. இதுல கொக்கி இதுவரைக்கும் நல்லா இருக்கு, சுழல்ற இடத்துல மட்டும் மண்ணு சேருது.

விக்கிறவன்கிட்ட ஸ்பிரிங் துரு பத்தி கேட்டேன். வாரண்டி ஒரு வருஷம், ஆனா "தண்ணீரால் ஏற்படும் பழுது" சேராதாம். வெளிய நடக்கறப்ப யூஸ் பண்ற சாமானுக்கு தண்ணி சேராதாம், நல்லா இருக்குல்ல. நாடா மட்டும் தனியா கிடைக்குமான்னு கேட்டதுக்கு புதுசு வாங்கிக்கங்க சார்னு பதில்.

அஞ்சுக்கு மூணு ஸ்டார். டயலுக்கு மட்டும்னா அஞ்சு போட்டிருப்பேன், மழைக்கு ஒண்ணு, பிடிக்கு ஒண்ணு கழிச்சாச்சு. குன்னூர், கோத்தகிரி பக்கம் நமக்கு அக்டோபர்ல இருந்து வடகிழக்கு மழை வேற இருக்கு, அந்த மாசத்துல நான் பழைய நைலான் கயித்துக்கே போயிடறேன், ஜனவரிக்கு அப்புறம் இதை எடுக்கறேன். தென்மேற்கு மழை கொட்டற கூடலூர் பக்கம் இருக்கறவங்க ஜூன் ஆரம்பத்துலயே இதை பரண்ல போட்டுடுங்க. வாங்கறதா இருந்தா உங்க நாய் எடைய விட ஒரு சைஸ் பெருசா வாங்குங்க, இறக்கத்துல இழுக்கறப்ப டப்பால போட்டிருக்கற கிலோ கணக்கெல்லாம் நிக்காது. சிவப்பு கலர் மட்டும் வேண்டாம், சாயம் போகுது, ராக்கிக்கு நெஞ்சுல வெள்ளை, இப்ப பாதி ரோஸ்.