வேலை போனவர்களைக் குறிவைக்கும் 'பெர்சனல் பிராண்டிங்' பேக்கேஜ்: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

"உங்கள் புரொஃபைலைப் பார்த்தேன். இவ்வளவு அனுபவம் இருந்தும் வெளியே தெரியாமல் இருக்கிறீர்களே!" வேலை தேடிக்கொண்டிருக்கும்போது லிங்க்ட்இன் என்ற தொழில் தொடர்புத் தளத்தில் இப்படி ஒரு மெசேஜ் வந்தால், பதில் போடும் முன் கொஞ்சம் நில்லுங்கள். ஆட்குறைப்பில் என் வேலை போன வாரத்திலேயே எனக்கு இது வந்தது. என்னோடு வேலை இழந்த இன்னொருவருக்கும் எழுத்து மாறாமல் அதே மெசேஜ் வந்திருந்தது பிறகுதான் தெரிந்தது.

இதை அனுப்புபவர்கள் 'பெர்சனல் பிராண்டிங்' பேக்கேஜ் விற்பவர்கள், அதாவது சமூக ஊடகத்தில் உங்கள் பெயரை நாலு பேருக்குத் தெரியவைக்கிறோம் என்று பணம் வாங்குபவர்கள். வேலை போனவர்களை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதில் ரகசியம் எதுவும் இல்லை. 'வேலைக்குத் தயார்' என்று புரொஃபைல் படத்தைச் சுற்றி ஒரு பச்சை வளையம் வருமே, 2020-ல் லிங்க்ட்இன் கொண்டுவந்தது, அதுதான் அவர்களுக்கு அடையாளம். வளையம் போடுவதில் தப்பே இல்லை. வளையம் இல்லாமல், வேலைக்கு ஆள் எடுப்பவர்களுக்கு மட்டும் தெரிகிற மாதிரி வைக்கவும் வழி இருக்கிறது. ஆனால் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்தால் இவர்களுக்கும் தெரியும். பொருளாதாரம் படுத்துக் கிடக்கும் நேரத்தில் கையில் இழப்பீட்டுப் பணத்தோடும் மனதில் பயத்தோடும் இருக்கிறவர்கள் யார் யார் என்ற பட்டியல் அவர்களுக்கு இலவசமாகவே கிடைத்துவிடுகிறது. எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பார்களே, அந்தக் கதைதான்.

முதலில் ஒரு இலவச வெபினார், அதாவது இணையவழிக் கூட்டம். முக்கால்வாசி நேரம் அவர்கள் பேசியது சரியாகவே இருந்தது. சந்தை சுருங்கும்போது ஒரே வேலைக்குப் பல மடங்கு பேர் விண்ணப்பிப்பார்கள், உங்கள் வேலையை நாலு பேர் அறிந்திருந்தால் நல்லது என்றார்கள். மறுக்க முடியாது. கடைசிப் பத்து நிமிடத்தில்தான் விலை வந்தது. இரவு பன்னிரண்டு மணியோடு தள்ளுபடி முடிகிறது என்று திரையில் கடிகாரம் ஓடியது. பேக்கேஜில் புரொஃபைலைத் திருத்தி எழுதுவது, வாரா வாரம் பதிவுகள், 'நிறுவனங்களின் எச்ஆர் வட்டத்துக்கு நேரடி அறிமுகம்' எல்லாம் இருந்தன. என் வீட்டின் இரண்டு மாதச் செலவுக்கான பணத்தைக் கட்டினேன்.

பணம் போன கையோடு கேட்டது பாஸ்வேர்ட். "பதிவு போட, தொடர்பில் சேரச் சொல்லி இன்வைட் அனுப்ப எங்கள் டீமுக்கு வேண்டும்" என்றார்கள். தயங்கியபோது ஒப்பந்தத்தில் ஒரு வரியைக் காட்டினார்கள்: கணக்கைக் கையாளும் அனுமதி தராவிட்டால் சேவைக்கு உத்தரவாதம் கிடையாது, பணமும் திரும்பாது. அந்த வரி வெபினாரில் எங்கும் சொல்லப்படவில்லை.

அப்புறம் என் பெயரில் பதிவுகள் வர ஆரம்பித்தன. முதல் பதிவு வந்த இரண்டு மூன்று நிமிடத்தில் வரிசையாகக் கமெண்ட்கள்: "அருமையான பார்வை! பகிர்ந்ததற்கு நன்றி", "மிகத் தேவையான சிந்தனை", "இது என்னை யோசிக்க வைத்தது". அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். எல்லோரும் இதே பேக்கேஜ் வாங்கியவர்கள். அவர்களுடைய பதிவுகளுக்கு அடியில் அதே வாக்கியத்தோடு என் பெயரும் இருந்தது. ஒருவருக்கொருவர் லைக் போட்டுக்கொள்ளும் ஒரு குழுவை ஓட்டி, அதைத்தான் 'ரீச்' (எத்தனை பேரைச் சென்றடைந்தது) என்று எங்களுக்கு வாரா வாரம் வரைபடம் போட்டு அனுப்பினார்கள். கமெண்ட் போட்ட அத்தனை பேரும் என்னைப் போலவே வேலை தேடுபவர்கள். வேலை கொடுக்கிற நிலையில் ஒருவர்கூட இல்லை.

இதோடு நின்றிருந்தால் பணம் மட்டும்தான் போயிருக்கும். என் கடைசி வேலையில் நான் 4 பேர் கொண்ட அணியைப் பார்த்துக்கொண்டேன். திருத்தி எழுதிய வரைவில் அப்படித்தான் இருந்தது. அதற்கு நான் மெயிலில் ஒப்புதல் கொடுத்தேன். அதன் பிறகு, என்னிடம் கேட்காமல், '40க்கும் மேற்பட்டோரை வழிநடத்திய தலைவர்' என்று மாற்றியிருக்கிறார்கள். இது எனக்குத் தெரிந்தது ஒரு நேர்காணலில். எதிரில் இருந்தவர் என் ரெஸ்யூமேயைக் கையில் வைத்துக்கொண்டு திரையில் என் புரொஃபைலைப் பார்த்தபடி, "இதில் 4, அதில் 40, எது சரி?" என்று கேட்டார். 4 தான் சரி என்றேன், நடந்ததையும் சொன்னேன். "சரி" என்றார். அதற்குப் பிறகு அவர் கேட்டவை எல்லாம் ஒப்புக்குக் கேட்ட கேள்விகள். அந்த அறையில் என் பேச்சுக்கு மதிப்பு போனது எனக்குத் தெரிந்தது. பேக்கேஜ் விற்ற டீமில் கேட்டால், "எல்லோரும் கொஞ்சம் கூட்டித்தான் போடுவார்கள், இதற்குப் பெயர் பொசிஷனிங்" என்றார்கள். பல வருடம் நேர்மையாகப் பார்த்த வேலையை ஒரு சைபர் சேர்த்துப் பொய்யாக்கிவிட்டார்கள்.

அடுத்து கணக்கே முடங்கியது. கண்டபடி இன்வைட் அனுப்ப ஏதோ தானியங்கி மென்பொருளை ஓட்டியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட மென்பொருளும் கணக்கை அடுத்தவருக்குக் கொடுப்பதும் லிங்க்ட்இன் விதிகளின்படி கூடாது. அடையாள அட்டையைக் காட்டி மீட்க வேண்டியிருந்தது. திறந்து பார்த்தால், முடங்கிக் கிடந்த நாட்களில் ஒரு நிறுவனத்திலிருந்து வந்த உண்மையான அழைப்பு காலாவதியாகிக் கிடந்தது. 'எச்ஆர் வட்ட அறிமுகம்' என்று சொன்னது, விண்ணப்பங்கள் குவியும் பொது மெயில் முகவரிகள் கொண்ட ஒரு எக்செல் ஃபைல்.

இவர்கள் செய்வதை 'மார்க்கெட்டிங்தானே' என்று தள்ளிவிட முடியாது. வேலை தேடித் தரும் ஏஜென்சிகள் தொழிலாளியிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ கட்டணம் வாங்கக் கூடாது என்பது சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1997-ம் ஆண்டு உடன்படிக்கை எண் 181-ன் பொது விதி. சில விதிவிலக்குகள் உண்டு, எல்லா நாடுகளும் அதை ஏற்கவும் இல்லை. 'நாங்கள் ஏஜென்சி இல்லை, பயிற்சி தருகிறோம்' என்று இவர்கள் பெயரை மாற்றிக்கொள்வதால் இந்த விதியின் பக்கமே வராமல் தப்புகிறார்கள். அமெரிக்காவில் 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதி, போலி ஃபாலோயர்கள், போலி வியூக்கள் என்று தெரிந்தே வியாபாரத்துக்காக விற்பதையும் வாங்குவதையும் தடை செய்கிறது. உங்கள் நாட்டு நுகர்வோர் சட்டத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

சமூக ஊடகமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-லேயே எழுதியது இது: புது வேலை பற்றிய தகவல் நெருங்கிய நண்பர்களைவிட லேசான அறிமுகம் உள்ளவர்கள் வழியாகவே அதிகம் வருகிறது. லிங்க்ட்இன்னில் சுமார் 2 கோடி பேரை வைத்து நடத்தி 2022-ல் வெளியான ஆய்விலும், ஓரளவு அறிமுகமானவர்கள்தான் வேலை மாற அதிகம் உதவியிருக்கிறார்கள். பழைய அலுவலகத்தில் பக்கத்து டீமில் இருந்தவர், ஒரு புராஜெக்டில் சேர்ந்து வேலை பார்த்தவர், அவ்வளவுதான். என்ன வேலை செய்தேன், என்ன தேடுகிறேன் என்று அவர்களுக்கு நான் என் வார்த்தையில் நாலு வரி எழுதி அனுப்பினேன். மூன்று நேர்காணல்கள் அதிலிருந்து வந்தன. பேக்கேஜிலிருந்து ஒன்றும் வரவில்லை.

ஏற்கெனவே மாட்டியிருந்தால், ரீஃபண்ட் பேச்சை எடுக்கும் முன்பே பாஸ்வேர்டை மாற்றுங்கள். செட்டிங்ஸில் எந்தெந்தக் கருவிகளில் கணக்கு திறந்திருக்கிறது என்று பார்த்து எல்லாவற்றையும் வெளியேற்றுங்கள். அனுமதி கொடுத்த வெளிச் செயலிகளை நீக்கி, இரண்டு அடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். இந்த வரிசை முக்கியம். நான் ரீஃபண்ட் கேட்ட அன்று இரவே, அவர்கள் போட்ட பதிவுகளும் எங்களுக்குள் நடந்த உரையாடலும் என் கணக்கிலிருந்து அழிக்கப்பட்டன. மெயில் மட்டும் தப்பியது.

கார்டில் கட்டியிருந்தால் வங்கியில் டிஸ்ப்யூட், அதாவது பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி ஆட்சேபம், போடலாம். பெரும்பாலான கார்டுகளுக்கு 120 நாள் வரை அவகாசம் இருக்கும், ஆனால் வங்கிக்கு வங்கி மாறும், தள்ளிப் போடாதீர்கள். '4' என்று நான் ஒப்புக்கொண்ட மெயிலையும் '40' என்று இருந்த புரொஃபைலின் ஸ்கிரீன்ஷாட்டையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். விசாரணை நடக்கிறது. முடிவு வந்ததும் இங்கேயே சேர்க்கிறேன்.