கிட்லீக்ஸும் நான் எழுதிய வழிகாட்டியும்: இரண்டு வருட அனுபவம்

திருநெல்வேலிச் சந்திக்குக் கிட்ட மாடியில் ஓர் அறை, ஆறு பேர். நிரலுக்குள் மறந்துபோய் விட்டுவிடும் கடவுச்சொல், ஏபிஐ சாவி (ஒரு சேவைக்குள் நுழைய நிரல் காட்டும் இரகசியக் குறியீடு) போன்றவற்றைப் பிடிக்க கிட்லீக்ஸைப் பாவிக்கத் தொடங்கி இரண்டு வருடம் ஆகிறது. கருவியில் பெரிய குறை இல்லை. இலவசம், திறந்த மூலம், ஒற்றைக் கோப்பாக இறக்கிப் போட்டால் ஓடும். குறை முழுக்க, எங்கள் குழுவுக்கென்று நான் எழுதிவைத்த தமிழ் வழிகாட்டியில்தான்.

அதில் நிறுவும் முறைக்கே ஐந்து பக்கம். அங்கே ஒருவரும் இடறவில்லை. இடறியவன் நான்தான். எங்கள் டோக்கனுக்கென்று (அதுவும் சாவி மாதிரித்தான்) ஒரு விதி சேர்க்கச் சொந்தமாக அமைப்புக் கோப்பு எழுதினேன்; 'எக்ஸ்டெண்ட்' பகுதியில் 'யூஸ்டிஃபால்ட் = ட்ரூ' போடவில்லை. அந்த வரி இல்லாவிட்டால் கருவியோடு வரும் விதிகள் ஒன்றும் ஓடாது, நாம் எழுதியது மட்டும்தான். பிழைச் செய்தியும் வராது. மூன்று கிழமை எல்லாம் பச்சை, அதாவது ஒன்றும் அகப்படவில்லை. நாங்களும் நிம்மதியாகத் தேத்தண்ணி குடித்தோம்.

நிரலை ஏற்றும்போது சோதனைகளைத் தானாக ஓட்டும் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸிலும் இதே கதை. நிரலை எடுத்துவரும் செக்அவுட் படி வழமையாக ஒரு கொமிட்டை (ஒருமுறை பதிந்த மாற்றத்தை) மட்டுமே எடுக்கும். 'ஃபெட்ச்-டெப்த்' 0 என்று கொடுத்தால்தான் முழு வரலாறும் வரும்; இல்லாவிட்டால் பழைய கொமிட்டுகளைப் பார்க்காமலே பச்சை காட்டும்.

ஆனால் என்னை வெட்கப்படவைத்தது வேறு. பயிற்சிக்கு வந்த தங்கச்சி ஒருநாள், "அண்ணா, சிவப்புக் காட்டுது. அந்த வரியை அழிச்சிட்டன், திரும்பவும் காட்டுது" என்றாள். காட்டத்தானே செய்யும், பழைய கொமிட்டில் அது அப்படியே கிடக்கிறது. நான் வேலையாக இருந்ததால் வழிகாட்டியைப் பார்க்கச் சொன்னேன். அவளும் பார்த்தாள். கண்டுபிடிப்பின் கைரேகையை (அதன் அடையாள வரியை) '.கிட்லீக்ஸ்இக்னோர்' என்ற புறக்கணிப்புக் கோப்பில் போடுவது எப்படி என்று நான் அழகாக விளக்கியிருந்தேன். அப்படியே செய்தாள், பச்சை வந்தது. சாவி மட்டும் உயிரோடு இருந்தது. அதை ரத்துச் செய்யவேண்டும் என்பது கடைசிப் பக்கத்தில், ஒரே ஒரு வசனம்.

இப்போது முதல் பக்கமே அதுதான்: சிவப்பு வந்தால் முதலில் சாவியை ரத்துச் செய், புதிது எடு, அப்புறம் நிரலைத் தொடு. புறக்கணிக்கும் முறை பின்னால் போய்விட்டது. அங்கே ஒரு சேர்க்கைக்கு ஒரு காரணம் எழுதவேண்டும். பழைய 'டிடெக்ட்' கட்டளைகளையும் 8.19ஆம் பதிப்பில் வந்த 'கிட்', 'டிர்' என்று மாற்றினேன்.

திருத்தும்போதுதான் கண்டேன்: மாதிரிக்கென்று நான் ஒட்டியிருந்த திரைப்பிடிப்புப் படத்தில் எங்கள் உண்மையான சாவி ஒன்று முழுசாகத் தெரிந்தது. '--ரிடாக்ட்' போட்டு ஓட்டியிருந்தால் மறைந்திருக்கும். படத்துக்குள் கிட்லீக்ஸ் பார்க்காது. அந்தச் சாவியையும் அன்று பின்னேரமே ரத்துச் செய்தேன்.