7 அங்குல மேசை டைல்ஸ் கட்டர்: பெட்டியிலிருந்து எடுத்ததுமே செட்டிங் சரியாக இருக்குமென்று எதிர்பார்க்காதீர்கள்

600 வாட் மோட்டார், 180 மி.மீ. டைமண்ட் பிளேடு, அடியில் தண்ணீர் டிரே. பம்ப் கிடையாது. டிரேயில் நனைந்தபடி சுற்றும் பிளேடு தனக்கான தண்ணீரைத் தானே ஏற்றிக்கொள்ளும். அடைத்துக்கொள்ள டியூப் இல்லாததே இந்த வகையின் பெரிய பலம். குளியலறை, சமையலறைச் சுவர் வேலைக்குத் தாராளமாகப் போதும். 600×600 மி.மீ. விட்ரிஃபைடு தரை டைல்ஸுக்கு மேசை சிறியது; பக்கத்தில் அதே உயரத்துக்கு ஒரு தாங்கு பலகை போடாவிட்டால் டைல்ஸ் சாய்ந்து, வெட்டு முடியும் முன்னே முறியும்.

பலவீனம் ஃபென்ஸ்தான், அதாவது டைல்ஸை ஒட்டிவைத்துத் தள்ளும் நேர்ச்சட்டம். மேசையில் அச்சடித்த அளவுக்கோட்டை நம்பிப் பூட்டக் கூடாது. பிளேடின் முன்விளிம்பிலிருந்தும் பின்விளிம்பிலிருந்தும் ஃபென்ஸுக்கு டேப் பிடியுங்கள். இரண்டு அளவும் ஒன்றான பிறகே இரு முனைத் திருகையும் முடுக்குங்கள். பின்பக்கம் ஒரு மி.மீ. ஒடுங்கினாலும் டைல்ஸ் நடுவில் இறுகும், மோட்டார் உறுமும், சில நேரம் டைல்ஸ் உங்கள் பக்கமே எகிறும். பிளேடு மேசைக்கு நேர்க்குத்தாக நிற்கிறதா என்று மூலைமட்டம் வைத்தும் பாருங்கள். 45 டிகிரிக் குறியும் இதே கதைதான்: வீணாய்ப்போன துண்டில் முதலில் வெட்டிப் பார்க்காமல் நல்ல டைல்ஸைத் தொட வேண்டாம்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் பிளேடு மாற்ற வேண்டும். பிளேடில் உள்ள அம்புக்குறி மோட்டார் சுற்றும் திசையிலேயே இருக்கட்டும். பிளேடை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் வட்டத் தட்டான ஃபிளாஞ்சில் காய்ந்த சேறு ஒட்டியிருந்தால் பிளேடு தள்ளாடும், டைல்ஸின் ஓரமெல்லாம் பொரியும். துணியால் துடைத்துவிட்டு மாட்டுங்கள். விட்ரிஃபைடுக்கு வெட்டு இடைவெளி இல்லாத தொடர்விளிம்பு பிளேடுதான் சரி. பல் பல்லாகப் பிரிந்தது கான்கிரீட்டுக்கானது. வெட்டும் வேகம் திடீரென்று குறைந்தால் பெரும்பாலும் பிளேடு தேய்ந்துபோகவில்லை, அதன் முகம் வழவழத்து வைரத்துகளை மூடியிருக்கிறது. மென்மையான செங்கல்லில் நாலைந்து முறை ஓட்டினால் வைரத்துகள் மறுபடி வெளியே தெரியும்.

டிரேயில் குறிவரை தண்ணீர் வேண்டும். சாரலாகத் தெறித்து அது சீக்கிரமே இறங்கிவிடும். வெள்ளைத் தூசி கிளம்பினால் உடனே நிறுத்தி ஊற்றுங்கள். அந்தத் தூசியில் இருப்பது நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்கா. தண்ணீர் இருந்தாலும் மாஸ்க், கண்ணாடி, காதடைப்பான் மூன்றும் வேண்டும். தொளதொளத்த கையுறையும் தோளில் துண்டும் கூடவே கூடாது. இவை பிளேடில் மாட்டினால் கையையும் சேர்த்து இழுக்கும்.

தண்ணீரும் கரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் இல்லாத லைனில் இதை ஓட்ட வேண்டாம். வயரை பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்க விடுங்கள். வழிந்து வரும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், பிளக்குக்குள் ஏறாது.

பளபளப்புப் பக்கம் மேலே இருக்கட்டும். பிளேடு முழு வேகம் எடுத்த பிறகே டைல்ஸைத் தள்ளுங்கள். சத்தம் தாழ்ந்தால் அழுத்தம் அதிகம் என்று அர்த்தம். கடைசி 2 செ.மீ.யில்தான் மூலை உடையும். மறுபக்கத்திலிருந்து அந்த 2 செ.மீ.யை முதலில் வெட்டி வைத்துவிட்டு, பிறகு முன்னாலிருந்து வந்து சேருங்கள். எல் வெட்டுக்கு உள்மூலையில் 6 மி.மீ. துளை போட்டுவிட்டால் விரிசல் ஓடாது. மெல்லிய கீற்று வெட்டும்போது விரலுக்குப் பதில் மரக்கட்டையால் தள்ளுங்கள். பிளேடின் மேல்மூடியான கார்டைக் கழற்றிவிட்டு ஓட்டுபவர்களைப் பல சைட்டில் பார்க்கலாம். சாரலையும் தெறிக்கும் சில்லையும் தடுப்பது அந்த கார்டுதான்.

வேலை முடிந்ததும் டிரேயில் சேற்றைப் படிய விட்டு, மேல்தண்ணீரை வடித்து, சேற்றைக் கோணிப்பையில் அள்ளிப் போடுங்கள். சாக்கடைக் குழாயில் ஊற்றினால் அது உள்ளேயே படிந்து இறுகி அடைத்துக்கொள்ளும். டிரேயைக் கழுவாமல் அப்படியே விட்டால் மறுநாள் உளி வைத்துத்தான் சுரண்ட வேண்டும்.